ஒரு சூத்திரம் போதும், மூன்று வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழு பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். உங்கள் நாளிதழில் மாணவர் பக்கம் வரும் நாளில் ஏழு பேரும் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுவார்கள். யார் வெட்டுவது, யார் நோட்டில் ஒட்டுவது என்று சண்டையே நடக்கும். பிள்ளைகள் அவ்வளவு நம்பிப் படிக்கிற பக்கம் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரங்கள் என்று அரைப்பக்கத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். வேகம் = தூரம் ÷ நேரம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே தூரம் = வேகம் × நேரம். அதற்கும் கீழே நேரம் = தூரம் ÷ வேகம். மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்ற ஓம் விதிக்கு இதேபோல் மூன்று வரி, அடர்த்திக்கு மூன்று, தனிவட்டிக்கு நான்கு. விரல் விட்டு எண்ணினேன். எட்டே எட்டுச் சூத்திரம்தான் இருக்கிறது. அதை 25 வரியாக நீட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சூத்திரத்தை மூன்றாக எழுதிக் கொடுக்கும்போது, அந்த ஒன்றிலிருந்து மற்ற இரண்டையும் தானே எடுத்துக்கொள்ளும் வித்தையைப் பிள்ளையிடமிருந்து நாம் பறித்துவிடுகிறோம். இயற்கணிதத்தில் ஒரு பிள்ளை கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், அந்த வித்தையைத்தான் சொல்வேன்.

பட்டியலை நோட்டில் ஒட்டிக்கொண்டு மறுநாளே வந்தாள் ஒருத்தி. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன் டீச்சர்" என்றாள். ஒப்பித்தும் காட்டினாள். 25 வரியிலும் ஒரு தப்பு இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. சரிம்மா, முக்கோணத்தின் பரப்பளவுக்கு என்ன சூத்திரம் என்று கேட்டேன். "அரை பெருக்கல் அடிப்பக்கம் பெருக்கல் உயரம்" என்றாள். பரப்பளவு 24, அடிப்பக்கம் 8 என்று கொடுத்தால் உயரம் எவ்வளவு என்றேன். நோட்டைப் புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "உயரத்துக்குப் பட்டியல்ல சூத்திரம் போடலையே டீச்சர்" என்றாள்.

கெட்டிக்காரப் பிள்ளை அது. ஆறு என்ற விடை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாராவது ஒருவர் அதற்கென்று தனியாக ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அப்படிக் காத்திருக்கப் பழக்கியது நாம்தான்.

சரி, அடிமட்டத்திலிருந்தே பார்ப்போம் என்று 3எக்ஸ் + 7 = 22 என்று பலகையில் எழுதினேன். "7 அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும். 22-ல 7 போக 15" என்றாள். சரி, அடுத்து? "3 அந்தப் பக்கம் போனா மைனஸ் 3. 15-ல 3 போக 12." பக்கத்தில் இருந்தவள் சும்மா இருக்கவில்லை. "இல்ல புள்ள, 3 கீழ போகும். குறி மாறும். அப்ப மைனஸ் 5" என்றாள். ஒருத்தி 12 என்கிறாள், இன்னொருத்தி மைனஸ் 5 என்கிறாள். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் கேட்ட விதியை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். 'அந்தப் பக்கம் போனால் மாறும்.' எது மாறும், ஏன் மாறும், எப்போது குறி மாறும், எப்போது பெருக்கல் வகுத்தலாகும் என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. 'போனால்' என்ற சொல்லே பொய். எதுவும் எங்கும் போவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பாடத்தைச் சீக்கிரம் முடிக்க அது தோதாக இருந்தது. ஒரு அரையாண்டுத் தேர்வில் எட்டாம் வகுப்புத் தாள்களைத் திருத்தும்போது, ஒன்றன்பின் ஒன்றாக அதே 12-ஐயும் அதே மைனஸ் 5-ஐயும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பிள்ளை தப்புப் போட்டால் கவனக்குறைவு எனலாம். பெஞ்சு பெஞ்சாக ஒரே தப்பைப் போட்டால் அந்தத் தப்பு யாருடையது? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அப்பாவின் கடைத் தராசை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

எங்கள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்லெண்ணெய் அப்போது எங்கள் கடையில் எடைக்குத்தான். ஆட்கள் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு வருவார்கள். அப்பா வெறும் வாளியை ஒரு தட்டில் வைப்பார். எதிர்த் தட்டில் சின்னச் சின்னக் கல்லாகப் போட்டு, முள் நேராக நிற்கும் வரை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் படிக்கல்லைத் தொடுவார். ஒரு கிலோ கல்லை எதிர்த் தட்டில் ஏற்றிவிட்டு, மறுபடி முள் நேராகும் வரை வாளியில் எண்ணெய் ஊற்றுவார். வாளிக்கு ஈடாக அந்தச் சின்னக் கல் எதிரில் கிடப்பதால், வாளியின் எடை வியாபாரத்துக்குள் வராது. வாங்க வந்த பாட்டிகள் எல்லோருக்கும் இது தெரியும். எண்ணெயைப் பார்க்க மாட்டார்கள், முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வகுப்பில் அதையே திருப்பிச் செய்து காட்டினேன். ஒரே எடையுள்ள மூன்று துணிப்பைகளில் மண் கட்டி ஒரு தட்டில் வைத்து, கூடவே ஏழு கோலிக்குண்டும் வைத்தேன். எதிர்த் தட்டில் 22 கோலிக்குண்டு. முள் நேராக நின்றது. வகுப்புக்கு முன்பே ஒவ்வொரு பையையும் ஐந்து கோலிக்குண்டின் எடைக்குச் சரியாக நிறுத்துக் கட்டியிருந்தேன். ஒரு பையின் எடையைக் கண்டுபிடிக்கணும், பையை அவிழ்க்கக் கூடாது, முள்ளும் சாயக் கூடாது என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். இந்தத் தட்டிலிருந்து ஏழு கோலியை எடுத்தான், முள் சாய்ந்தது. உடனே எதிர்த் தட்டிலிருந்தும் ஏழை எடுத்தான், நேரானது. மூன்று பை, 15 கோலி. 15-ஐ மூன்று குவியலாகப் பிரித்து, பைக்கு ஒரு குவியல் என்று எதிரெதிரே வைத்தான். அந்தப் பையன் அதுவரை கணக்கில் 35-ஐத் தாண்டியதில்லை. அன்று அவன் கையில் எதுவும் 'அந்தப் பக்கம் போகவில்லை'. இரண்டு பக்கமும் ஒன்றையே செய்தான், அவ்வளவுதான். 7-ஐ இரண்டு பக்கமும் எடுத்தான், அதனால் 22-க்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் வந்தது. இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுத்தான். வகுத்தால் குறி ஏன் மாற வேண்டும்?

சமக்குறியை நம் பிள்ளைகள் 'இதோ விடை வருகிறது' என்ற அடையாளமாகப் படிக்கிறார்கள். கால்குலேட்டரில் அந்தப் பொத்தானை அமுக்கினால் விடை வருகிறதல்லவா, அந்தப் பழக்கம். 1557-ல் அந்தக் குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர். 'சமம், சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இதைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு எது என்று காரணமும் எழுதிவைத்தார். இந்தக் கதையைச் சொல்லி அந்த இரண்டு கோட்டையும் பலகையில் பெரிதாகப் போட்டால், பிள்ளைகளுக்கு அது தராசு முள் என்று பிடிபட்டுவிடும்.

இயற்கணிதத்தை ஆங்கிலத்தில் சொல்லும் அல்ஜீப்ரா என்ற பெயரே இந்த வேலைக்கு வைத்த பெயர்தான். பாக்தாதில் சுமார் 820-ல் அல் குவாரிஸ்மி எழுதிய புத்தகத்தின் தலைப்பில் 'அல் ஜபர்' என்ற சொல் வருகிறது. குறைந்து கிடப்பதை முழுசாக்குவது, உடைந்ததைச் சேர்ப்பது என்று பொருள். ஸ்பானிய மொழியில் இதே சொல்லிலிருந்து வந்த 'அல்கெப்ரிஸ்தா' என்பதற்கு எலும்பு முறிவு வைத்தியர் என்ற அர்த்தம் உண்டு. இதைச் சொன்னதும் திண்ணையில் இருந்த ஒரு பையன், "புத்தூர் கட்டா டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம், அதேதான் என்றேன். 10-லிருந்து இரண்டு பொருளைக் கழித்தால் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்ணை 'பொருள்' என்றுதான் அவர் சொல்வார். குறிகளே இல்லாமல் முழுக்க வார்த்தையிலேயே எழுதியவர் அவர். இந்தக் கணக்கில் 10 உடைந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு பொருளைச் சேர்த்தால் இந்தப் பக்கம் 10 முழுசாகிவிடும், அந்தப் பக்கம் 4-ம் இரண்டு பொருளும் இருக்கும். இதுதான் கட்டுப் போடுவது. பிறகு இரண்டு பக்கமும் 4-ஐ எடுத்தால் இரண்டு பொருள் 6, ஒரு பொருள் 3. சொத்துப் பாகப்பிரிவினை, வியாபாரம், நிலம் அளப்பது, வழக்கு என்று ஜனங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதற்காக எழுதுகிறேன் என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். 1,200 வருடம் முன்பு அது புழக்கத்துக்கான கணக்கு. நாம்தான் அதைப் பரீட்சைக்கான கணக்காகக் குறுக்கிவிட்டோம்.

எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதற்கு நான் அடுக்கு டிபன் கேரியரைக் காட்டுவேன். அடியில் சோறு, நடுவில் குழம்பு, மேலே பொரியல். கடைசியாக வைத்த பொரியலைத்தான் முதலில் எடுக்க முடியும். காய்ச்சல் கணக்கு இதற்குத் தோதானது. பாரன்ஹீட் = செல்சியஸ் × 9 ÷ 5 + 32. செல்சியஸ்தான் அடிக்கிண்ணம். அதன்மேல் முதலில் 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, கடைசியில் 32-ஐக் கூட்டி மூடியிருக்கிறார்கள். அவிழ்க்கும்போது முதலில் 32 போக வேண்டும். அப்புறம் 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் தெருவில் நிறையப் பேருக்குக் காய்ச்சல். ஒருத்தன் தன் தங்கச்சிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 102.2 என்று எழுதிக்கொண்டு வந்தான். செல்சியஸில் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். அவசரத்தில் முதலில் 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்துவிட்டான், 56.78 வந்தது. அதிலிருந்து 32-ஐக் கழித்து 24.78 என்று எழுதினான். எழுதிவிட்டு அவனே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "டீச்சர், பாப்பா உடம்பு கொதிக்குது. இது குளிர்ந்த தண்ணி மாதிரில்ல இருக்கு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே அடுக்கு மாறியது என்று அவனே தேடினான். 102.2-ல் 32 போக 70.2. ஐந்தால் பெருக்க 351. ஒன்பதால் வகுக்க 39. "39 டிகிரி. இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்பச் சூத்திரத்தில் போட்டு 102.2 வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டான். சூத்திரத்தைத் தானே திருப்பிய பிள்ளைக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். பட்டியலில் இருப்பதைப் பார்த்துப் போடுகிறவன் 24.78-ஐ இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவான்.

கண்டுபிடித்த எண்ணைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதற்குப் பத்து வினாடி போதும். 3எக்ஸ் + 7-ல் 12-ஐப் போட்டால் 43 வருகிறது. 43-ம் 22-ம் ஒன்றா? இந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியர் வேண்டாம், விடைக்குறிப்பு வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். தன் விடை சரியா என்று தனக்குத் தானே தெரிந்துகொள்ளும் வசதி கணக்கைப் போல வேறு பாடத்தில் கிடையாது. பரீட்சையில் அதற்கு மார்க் இல்லை என்பதால் நாம் அதைச் சொல்லிக்கொடுப்பதையே விட்டுவிட்டோம்.

உங்கள் பட்டியலின் ஓரத்தில் ஒரு முக்கோணமும் போட்டிருந்தீர்கள். மேலே மின்னழுத்தம், கீழே மின்னோட்டமும் மின்தடையும். வேண்டியதை விரலால் மூடினால் மீதி சூத்திரம் தெரியும். கோச்சிங் சென்டர்களில் இது ரொம்பப் பிரபலம். இரண்டைப் பெருக்கினால் மூன்றாவது என்ற வடிவத்துக்கு மட்டும் அது சரி. பாரன்ஹீட்டை அந்த முக்கோணத்துக்குள் எப்படி வைப்பது? பக்க இணைப்பில், அதாவது மின்சாரம் இரண்டு வழியாகப் பிரிந்து போகும்படி இணைத்த இரண்டு மின்தடைகளை எப்படி வைப்பது? 6 ஓம், 3 ஓம். தலைகீழ்களைக் கூட்ட வேண்டும், ஆறில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் அரை, அது மொத்த மின்தடையின் தலைகீழ், ஆக மொத்த மின்தடை 2 ஓம். இரண்டு பக்கத்தையும் முழுசாகத் தலைகீழாக்க வேண்டும் என்று தெரியாத பிள்ளை, ஒவ்வொன்றையும் தனித்தனியே கவிழ்த்து 6-ம் 3-ம் 9 என்று எழுதிவிடும். மின்சாரம் போக இன்னொரு வழி திறந்துவிட்ட பிறகு தடை குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும் என்று யோசிக்க முக்கோணம் கற்றுத்தராது.

என்னிடம் படித்த ஒருவன் ஐடிஐ முடித்து இப்போது வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறான். பள்ளியில் அவன் மனப்பாடம் செய்ததே இல்லை, வராது. போன வருடம் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஹீட்டர் வாங்கினோம். 1,500 வாட். மாட்ட வந்தவன் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதினான்: திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 1,500-ஐ 230-ஆல் வகுத்தால் ஆறரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. "இந்த 6 ஆம்ஸ் பிளக்ல போடக் கூடாது டீச்சர், சூடேறிக் கருகிரும். 16 ஆம்ஸ் போட்டுத் தர்றேன்" என்றான். அயர்ன் பாக்ஸ் 750 வாட், அதற்கு மூன்றே கால்தான், அது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றும் சொன்னான். அவன் தலைக்குள் இருப்பது ஒரே ஒரு சூத்திரம். வேண்டியதை வேண்டிய நேரத்தில் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறான்.

இனி, இந்தக் கடிதத்தை உடனே எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். உயரத்துக்குப் பட்டியலில் சூத்திரம் இல்லையே என்று கேட்டாளே, அந்தப் பெண். ஒரு வாரம் அவளோடு வேறு எதுவும் செய்யவில்லை. தராசு, டிபன் கேரியர், திரும்பப் போட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான். பட்டியல் ஒட்டிய பக்கத்தைத் திறக்காமல், ஒவ்வொரு சூத்திரத்திலும் ஒவ்வொரு சொல்லாகத் தனியே எடுத்து எழுதிப் பழகினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு துண்டுச்சீட்டோடு வந்தாள். அவள் அம்மா பத்து மாதம் முன்பு அவசரத்துக்கு வெளியே 15,000 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ரெண்டு வட்டி என்று பேச்சு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். போன வாரம்தான் வட்டியும் முதலுமாக 19,500 கொடுத்துக் கடனை அடைத்திருக்கிறார். "பேப்பர் பட்டியல்ல ஆண்டு வட்டிதான் டீச்சர் இருக்கு. இது மாச வட்டி. அதனால நானே எழுதினேன்" என்று சீட்டைக் காட்டினாள். வட்டி = அசல் × மாதம் × வீதம் ÷ 100. அதன் கீழே எண்கள். 4,500 = 15,000 × 10 × வீதம் ÷ 100. அடுத்த வரி 4,500 = 1,500 × வீதம். அடுத்த வரியில் 'இரண்டு பக்கமும் 1,500-ஆல் வகுக்க' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, வீதம் = 3. அதற்கும் கீழே, ரெண்டு வட்டி என்றால் எவ்வளவு வர வேண்டும் என்று திரும்பப் போட்டுப் பார்த்திருந்தாள்: 3,000.

"மூணு வட்டி வாங்கியிருக்காங்க டீச்சர்" என்றாள். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். நான் அந்தச் சீட்டை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு இடத்திலும் அவள் எதையும் 'அந்தப் பக்கம்' அனுப்பவில்லை.

கூடுதலாகக் கொடுத்த அந்த 1,500 ரூபாய் திரும்பி வரவில்லை. கொடுத்த பணத்துக்குச் சாட்சியும் இல்லை, சீட்டும் இல்லை. ஆனால் அவள் அம்மா என் திண்ணைக்கு வந்து, மகள் எழுதிய கணக்கை வரிவரியாகக் கேட்டார். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். 15,000-ஐ நூறு நூறாகப் பிரித்தால் 150 நூறு, ஒரு நூற்றுக்கு மாதம் இவ்வளவு, பத்து மாதத்துக்கு இவ்வளவு என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார். "அப்ப டீச்சரம்மா, அடுத்த தடவை பணத்த வாங்குறப்பவே கடைசில எவ்வளவு தரணும்னு கேட்டுட்டு, இந்தப் பிள்ளைகிட்டக் காட்டிட்டு வாங்கலாம்ல?" என்றார். காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றேன். நம் மாநிலத்தில் அநியாய வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைச் சொல்லிப் பேசுவதற்கும், முதலில் தான் கொடுப்பது எத்தனை வட்டி என்று தெரிந்திருக்க வேண்டும். வட்டி கொடுப்பவரிடம் அசலும் மாதமும் கட்டிய தொகையும் இருக்கும், வீதம் மட்டும் மறைந்து கிடக்கும். மறைந்து கிடப்பதைத் தனியே வெளியே எடுப்பதற்குத்தானே இந்தப் பாடம்?

சுருக்குவழியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பலகையில் வேகமாகப் போடும்போது நானும் 7-ஐ நேரே அந்தப் பக்கம் மைனஸாகத்தான் எழுதுகிறேன். காரணம் தெரிந்த கைக்குச் சுருக்குவழி வசதி. காரணம் தெரியாத கைக்கு அது குருட்டு நம்பிக்கை. முதல் இரண்டு மாதமாவது 'இரண்டு பக்கமும் 7-ஐக் கழிக்க', 'இரண்டு பக்கமும் 3-ஆல் வகுக்க' என்று பக்கத்திலேயே எழுதிப் போடட்டும். நோட்டில் இரண்டு வரி கூடும், கூடட்டும். எட்டாம் வகுப்பில் நேரியல் சமன்பாடு வரும்போது சக ஆசிரியர்கள் இதற்கு இரண்டு பிரிவேளை அதிகம் ஒதுக்கினால், அந்த நேரம் அறிவியல் வகுப்பில் அப்படியே திரும்பக் கிடைக்கும். பாடத்திட்டத்தை முடிக்கச் சொல்லி மேலேயிருந்து வரும் நெருக்கடி எனக்கும் தெரியும். 31 வருடம் அதற்குள்தான் இருந்தேன். தெரிந்துதான் கேட்கிறேன்.

வகுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது. எக்ஸ் × எக்ஸ் = 5 × எக்ஸ் என்று கொடுத்தால், பிள்ளைகள் இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 என்று எழுதிவிட்டுச் சந்தோஷப்படுவார்கள். பூஜ்யமும் ஒரு விடைதானே, அது தொலைந்துபோனது தெரியாது. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு படிக்கும் பிள்ளைகளே இதில் விழுகிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த முறை சூத்திரப் பட்டியல் போடும்போது ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை போடுங்கள். பக்கத்தில் இரண்டு வரி வெற்றிடம் விடுங்கள், மற்ற வடிவங்களைப் பிள்ளைகளே எழுதிக்கொள்ளட்டும். மிச்சமாகும் இடத்தில் ஒரே ஒரு சூத்திரத்தை எடுத்து, எந்தச் சொல்லை எப்படித் தனியே பிரிப்பது என்று ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் என்ன செய்தோம் என்பதை எழுதிக் காட்டுங்கள். கடைசியில் விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வரியும் இருக்கட்டும். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், அதற்குச் சன்மானம் எதுவும் வேண்டாம்.

அடுத்த வாரம் ஒளியியல் சூத்திரங்கள் என்று அறிவிப்பு பார்த்தேன். லென்ஸ் சூத்திரத்தை அதில் ஒரு வரியாக மட்டும் போட்டால் நன்றாக இருக்கும். பொருளின் தூரத்தைத் தாங்களே பிரித்து எடுக்கப் போகிறோம் என்று திண்ணையில் ஏழு பேரும் பென்சில் சீவி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை வெட்டி ஒட்டுவது அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்காரர் மகள்தான் என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.